வெள்ளத்தில் நின்ற வண்டியும் நகராத போல்ட்டுகளும்

கடலூர் பக்கம் உச்சிமேட்டிலிருந்து குட்டி யானையில் ஏற்றி வந்த அந்தப் பழைய மோட்டார் பைக்கை இறக்க நாலு பேர் தேவைப்பட்டது, ஏனென்றால் அதை உருட்ட முடியாது. பின்சக்கரம் சுற்றவே இல்லை. முன்சக்கரம் கால்வாசி சுற்றி நின்றுவிடும். கிக்கர் மேல் ஏறி நின்றாலும் இறங்கவில்லை. செயின் கம்பி போல விறைத்திருந்தது, பின் பிரேக் பெடல் அமுங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது, கிளட்ச் லிவரை இழுத்தால் லிவரே உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஓடுமாப்பா?" என்றார். "ஓடும்மா, கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். இரண்டு மாதம் ஆனது. அதில் பாதி நாள் காத்திருந்ததுதான். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன். மண்பாதையில் ஓட்டுகிற பழைய டர்ட் பைக் வாங்கும்போது எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள், உண்மையில் ஆளைச் சோதிப்பது பத்துப் பதினைந்து போல்ட்டுகள்.

வண்டி ஹீரோ இம்பல்ஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகு 2011-ல் வந்தது. 149.2 சிசி, கார்புரேட்டர், காற்றில் குளிரும் எஞ்சின், முன்னால் 19 அங்குலம், பின்னால் 17 அங்குலம், பின்பக்கம் மோனோஷாக், அதாவது ஒற்றை ஷாக் அப்சார்பர். கல்லூரி நாளில் நண்பன் ஒருவனின் இம்பல்ஸை கேப்பர் மலையில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். மழையில் அறுத்துக்கொண்டு போன பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியபோது கைக்கு அதிர்ச்சியே வரவில்லை. அந்த அரை மணி நேரம் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் ஒரு ஐயா வீட்டு மாட்டுக்கொட்டகையில் இம்பல்ஸ் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். கடலூர்க்காரர்களுக்கு அதைவிட அதிகம் நினைவில் இருப்பது அடுத்து வந்த டிசம்பர் 2. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. ஐயா வீட்டுக் கொட்டகையில் இந்த வண்டி சீட்டு மட்டத்துக்கு நனைந்து நின்றிருக்கிறது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மகன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டதால், தண்ணீர் வடிந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. "அவன் வந்தா பாத்துக்குவான்னு விட்டுட்டேன் தம்பி" என்றார். ஓராண்டுக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறது. வண்டல், மாட்டுச் சாணம், அப்புறம் கடலிலிருந்து ராப்பகலாக வரும் உப்புக் காற்று. ஆர்சி புத்தகத்தை வாங்கி, சேசிஸ் எண் மேலிருந்த துருவை பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். ஒன்பதாயிரம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், எண் படிக்க முடியாத வண்டியை எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். வண்டியைக் கழுவி முடித்த சந்தோஷத்தில், சைலன்சரைக் கழற்றினால் மற்ற வேலைக்கு இடம் கிடைக்கும் என்று எஞ்சின் தலையில், அதாவது சிலிண்டரின் மேல் மூடியில், இருக்கும் இரண்டு நட்டில் ஒன்றைப் பிடித்து அழுத்தித் திருப்பினேன். கொஞ்சம் நகர்ந்தது போல இருந்தது. கையில் ஒரு மெத்தென்ற உணர்வு, ரப்பரைத் திருப்புவது மாதிரி. நகர்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன், "டக்" என்று சத்தம் வந்தது, நட்டு பூட்டியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டு, நட்டோடு சேர்ந்து பாதி என் கையில் இருந்தது, மீதிப் பாதி அலுமினியத் தலைக்குள் இருந்தது. அந்த மெத்தென்ற உணர்வை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நட்டு கழன்றால் ஒரு "கிரீச்" சத்தம் வரும், கைக்கு வெடுக்கென்று தெரியும். சத்தமே இல்லாமல் இழுபட்டால் இரும்பு முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் ஸ்பேனரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு முதுநகர் துறைமுகம் பக்கம் போனேன். அங்கே படகு எஞ்சின் வேலை பார்க்கிற ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். உப்புத் தண்ணீரில் ஊறிய போல்ட்டைக் கழற்றுவதுதான் அவருக்குத் தினமும் பிழைப்பு. நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுனால புடிச்சிருக்குன்னு பாத்தியா?" என்பதுதான். நான் பார்க்கவில்லை. துரு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் துரு இல்ல தம்பி. இரும்புல இரும்பு புடிச்சா செகப்பா இருக்கும். அலுமினியத்துல இரும்பு புடிச்சா வெள்ளையா மாவு மாதிரி இருக்கும். பழைய கிரீஸ் காஞ்சா பிசின் மாதிரி இருக்கும். மூணுக்கும் மருந்து வேற."

இந்தப் பேச்சு எனக்கு அந்த இரண்டு மாதத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதினேன். எது சிவப்பு, எது வெள்ளை, எது பிசின். நாலாவதாக ஒன்று நானே சேர்த்தேன், வெறும் வண்டல் காய்ந்து சிமெண்ட் மாதிரி அடைத்திருப்பது. அதற்கு மருந்தே வேண்டாம், தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், ஆனால் அதைக் கழுவாமல் எண்ணெய் விட்டால் எண்ணெய் சேற்றைத்தான் ஊறவைக்கும், மரைக்குள் போகாது.

சிவப்பு ஏன் இவ்வளவு இறுகுகிறது என்றால், இரும்பு துருவாகும்போது முன்பு அடைத்திருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு ஊதி ஆப்பு அடித்த மாதிரி நிற்கிறது. ஆனால் துருவுக்குள் நுண்ணிய துளைகள் உண்டு, மெல்லிய எண்ணெய் அதன் வழியாக மெதுவாக ஊறிப் போகும். அதனால் சிவப்புக்கு எண்ணெயும் நாளும்தான் மருந்து. வெள்ளை வேறு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடுகிறது, அலுமினியம்தான் அதில் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி கெட்டியாக அடைத்துக்கொள்ளும், எண்ணெய் லேசில் இறங்காது. அங்கே சூடுதான் வேலை செய்யும், ஏனென்றால் ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் துளை 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.02 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும், உள்ளே இருக்கும் எஃகு அதில் பாதிதான். கேட்கச் சின்னக் கணக்கு, ஆனால் பிடி விடுவதற்கு அவ்வளவு போதும்.

ஊறவைக்க என்ன விட்டேன் என்று கேட்பீர்கள். கடையில் கிடைக்கிற டபிள்யூடி-40 எல்லார் கையிலும் இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். அது 1953-ல் ஏவுகணையின் உலோகத்தோலைத் துருப்பிடிக்காமல் காக்க, ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது, 40-ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்ட நல்லது. ஓராண்டு துருவுக்கு நான் நம்பியது ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையை. அசிட்டோன் பெயிண்ட் கடையில் கிடைக்கும். இரண்டும் ஒட்டிக் கலக்காது, பிரிந்து நிற்கும், அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு உடனே ஊற்ற வேண்டும். பெயிண்ட் மேல் பட்டால் பெயிண்ட் போய்விடும், பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும், நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. துறைமுகத்து அண்ணன் வெறும் டீசல்தான் விடுகிறார். அவருக்கு அது போதுகிறது, ஏனென்றால் அவர் ஒரு வாரம் விடுகிறார்.

வேலையைப் பின்சக்கரத்தில் தொடங்கினேன், காரணம் இருக்கிறது. எஞ்சின் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கொண்டுதான் எஞ்சினை ஆட்ட முடியும், சக்கரம் ஆட வேண்டுமானால் பிரேக் விட வேண்டும். இம்பல்ஸில் பின்னால் டிரம் பிரேக். பிரேக் ஷூவை விரிக்கிற கேம் இருக்கிறதே, அந்த எஃகுத் தண்டு அலுமினியத் தட்டுக்குள் போகும் இடத்தில் வெள்ளைப் பொடி வெளியே பிதுங்கி நின்றது. பிரேக் ராடின் நட்டைத் தளர்த்தினேன். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தட்டின் மேல் மெதுவாக ஊற்றினேன். கொதிக்கும் தண்ணீரை யாரும் மதிப்பதில்லை, ஆனால் 100 டிகிரிக்கு மேல் போகாது, பெயிண்டைக் கருக்காது, ரப்பரை எரிக்காது, தீப்பிடிக்காது. கேஸ் டார்ச் எடுப்பதற்கு முன்னால் எப்போதும் கெட்டிலை முயன்று பாருங்கள். மூன்றாவது கெட்டிலுக்கு அப்புறம் கேம் ஆர்மை மரச் சுத்தியலால் முன்னும் பின்னும் தட்டினேன், ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். திரும்பியது. டிரம்மைச் சுற்றித் தட்டியதும் ஷூவும் விட்டது. உள்ளே இருந்த பிரேக் தூசியை ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தேன், பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகக் கூடாது.

செயினை ஒரு பழைய எண்ணெய் டின்னில் டீசலில் போட்டு இரண்டு நாள் விட்டு, கணுக்கணுவாகக் கையால் மடக்கி நீட்டினேன். மீண்டும் ஓட்டுவதற்கு அல்ல, அந்தச் செயினை நம்பி ஓட்டக் கூடாது. எஞ்சினை ஆட்டிப் பார்க்கிற வரைக்கும் உதவினால் போதும் என்றுதான்.

எஞ்சினுக்கு வருகிறேன். முதலில் ஆயில் போல்ட்டைத் திறந்தபோது வந்தது ஆயில் இல்லை, பால் டீ. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி இருந்த மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு, கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டு, மீண்டும் இறுக்கி, மீண்டும் கால் சுற்று என்று அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு கழற்றினேன். பிளக் அலுமினியத் தலைக்குள் இருக்கிறது, அங்கே மரை போனால் தலையையே கழற்ற வேண்டும். பிளக் துளை வழியாக அந்தக் கலவையை ஊற்றி ஆறு நாள் விட்டேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டுவேன், தள்ள மாட்டேன், ஆட்டுவேன். டாப் கியர் ஏன் என்றால், சக்கரத்திலிருந்து எஞ்சினைத் திருப்பும்போது அதில்தான் நம் கையின் பலம் அதிகமாகப் போய்ச் சேரும். முதல் கியரில் எவ்வளவு தள்ளினாலும் பலம் எஞ்சினுக்குப் போகாது. செல்ஃப் பட்டனையோ கிக்கரையோ தொடவே இல்லை. துருப்பிடித்த பிஸ்டன் ரிங்கை ஒரே உதையில் நகர்த்தினால் ரிங் உடையும், சிலிண்டரின் உள்சுவரான லைனரில் கோடு விழும்.

ஐந்து நாளும் ஒன்றும் இல்லை. ஆறாவது நாள் காலை சக்கரம் ஒரு விரல்கடை அளவு போய்த் திரும்பி வந்தது. நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் முழுச் சுற்று சுற்றியது. பிறகு தலையையும் சிலிண்டரையும் கழற்றி லைனரைத் தேய்த்து, புது ரிங் போட்டோம், அது வழக்கமான வேலை, அதை இங்கே எழுதப் போவதில்லை.

உடைந்த ஸ்டட்டு? தலையைக் கழற்றியதும் அதைத் திருப்பாப்புலியூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் நடுவில் வெல்டிங் வைத்து நிரப்பினார்கள். இதில் இரண்டு லாபம். ஸ்பேனர் பிடிக்க ஒரு தலை கிடைக்கிறது, வெல்டிங் சூடு நேராக ஸ்டட்டுக்குள்ளேயே இறங்கி வெள்ளைப் பொடியை உடைக்கிறது. சூடு கொஞ்சம் தணிந்ததும் பட்டறை அண்ணன் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து ஸ்டட்டின் அடியில் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். "இப்ப திருப்பு, ஆனா மொதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் திருப்பு" என்றார். இறுக்குகிற பக்கம் சற்று நகர்த்தினால் பிடி உடையும், அப்புறம் கழற்றுகிற பக்கம். முன்னும் பின்னுமாக ஒரு பத்து நிமிடம். முழுசாக வந்தது. ஸ்டட்டில் துளை போட்டு இடமரை எக்ஸ்ட்ராக்டரைச் செருகுவதும் ஒரு வழிதான், ஆனால் அந்தக் கருவி மிகக் கெட்டியான எஃகு, உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதை அறுக்காது. நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

திருகுகள் தனிக் கதை. முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இரண்டு திருகு, கார்புரேட்டர் அடியில் சில. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் நட்சத்திரத் திருகின் பள்ளம் நாம் வைத்திருக்கும் சாதாரணப் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்கு முழுசாகப் பொருந்தாமல் இருப்பது உண்டு, டிரைவர் மேலே ஏறி நழுவும், நழுவினால் பள்ளம் உருண்டுவிடும். ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு, என்று கேட்டு வாங்கினால் நன்றாக உட்காரும். புதுச்சேரியில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய இம்பாக்ட் டிரைவர் வாங்கினேன், பின்னால் சுத்தியலால் அடித்தால் முனை அழுத்திக்கொண்டே திரும்பும் கருவி. கையால் திருப்பி வராத திருகையும் அது நகர்த்திவிடும். ஆனால் கார்புரேட்டர் மாதிரி மெல்லிய உடம்பில் அதை அடிக்காதீர்கள், உடைந்துவிடும். அங்கே வெந்நீரும், சரியான டிரைவரும், உள்ளங்கையின் அழுத்தமும்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாக இருந்தது, பெட்ரோல் வரும் சிறு துளைகளான ஜெட்டுகளில் பச்சைக் களிம்பு. அசிட்டோனில் ஊறவிட்டு, ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் துளைகளைத் திறந்தேன். இரும்புக் கம்பி விடக் கூடாது, துளை பெரிதானால் வண்டி எப்போதும் அதிகமாகக் குடிக்கும். டயாபிரம் என்கிற மெல்லிய ரப்பர் சவ்வு இருந்தால் அதை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

முன் டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பிஸ்டன் நகரவில்லை. பலர் கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதித் தள்ளுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போல வெளியே வரும், விரல் நடுவில் இருந்தால் விரல் போய்விடும். வண்டியிலேயே பிரேக் லிவர் இருக்கிறது, அதுதான் நம்மிடம் இருக்கிற பெரிய ஜாக்கி. புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை எடுத்து, லிவரை மெதுவாகப் பம்ப் செய்தால் எண்ணெய் அழுத்தமே பிஸ்டனைத் தள்ளும். காலிப்பரில், அதாவது பிஸ்டன் உட்கார்ந்திருக்கும் பிரேக் கூட்டில், ஒன்றுக்கு மேல் பிஸ்டன் இருந்தால் லேசாக வருவதை ஒரு மரத்துண்டு வைத்துத் தடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அழுத்தம் இறுகினதுக்குப் போகும். வெளியே வந்த பிஸ்டனில் குழிக்குழியாகத் துரு இருந்தால் மாற்றிவிடுங்கள், தேய்த்துப் போடாதீர்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காத வண்டியை எந்தக் காட்டிலும் ஓட்ட முடியாது. பிரேக் சீலில் டீசல், கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயில் மட்டும்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய சண்டை ஸ்விங் ஆர்ம் போல்ட்டோடுதான். ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கை. நீளமான போல்ட், சேசிஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, நடுவில் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழாய்க்குள் போகிறது. நட்டு சுலபமாகக் கழன்றுவிட்டது, அது ஏமாற்று. போல்ட் உள்ளே குழாயோடு ஒன்றாகிவிட்டது. சிவப்பு. அதுவும் எண்ணெய் போய்ச் சேர முடியாத நடு இடத்தில். வண்டியை ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் என்று சாய்த்து வைத்து, மேல் பக்கமாக இருக்கிற முனையில் மாவால் சின்ன கிண்ணம் மாதிரி கட்டி, அதில் கலவையை ஊற்றி நிறுத்தினேன். கோதுமை மாவுதான். எண்ணெய் வழிந்து போகாமல் ராத்திரி முழுக்க நின்று உள்ளே இறங்கும்.

நாலு நாளுக்கு அப்புறம் நட்டை முனையோடு மட்டமாக வரும்வரை மீண்டும் போட்டு, அதன் மேல் பித்தளைக் கட்டை வைத்து அடித்தேன். நட்டு போட்டு அடிப்பது மரை நசுங்காமல் இருக்க. நகரவில்லை. இன்னும் அடித்தேன். துறைமுகத்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். "அடிச்சா முனை பூவா விரியும், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த ஓட்டைல வராது. திருப்பு. திருப்புனா துரு அரைபடும், அரைபட்டா எண்ணெய்க்கு வழி கெடைக்கும்." போல்ட் தலையில் ஆறு பக்க சாக்கெட் போட்டு, கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, ஒருவர் சேசிஸைப் பிடிக்க, ஒருவர் மெல்ல அழுத்தினோம். பன்னிரண்டு பக்க சாக்கெட் இந்த இடத்தில் வேண்டாம், முனையைத்தான் பிடிக்கும், தலையை உருட்டிவிடும். முதலில் இறுக்குகிற பக்கம். கிரீச் என்று ஒரு சத்தம், ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணன் சிரித்தார்.

திரும்பியது, ஆனால் வெளியே வரவில்லை. பிறகு ஐந்து நாள் திருப்பித் திருப்பி, ஸ்விங் ஆர்மை மேலும் கீழும் ஆட்டி, எண்ணெய் விட்டு. கடைசியில் அவர் ஒரு பெரிய ஜி கிளாம்ப் கொண்டுவந்தார். போல்ட் தலைப் பக்கம் தலையைவிடப் பெரிய குழாய்த் துண்டு, மரைப் பக்கம் கிளாம்ப்பின் திருகு. இறுக்கி அழுத்தத்தோடு நிறுத்திவிட்டு, கிளாம்ப்பின் உடம்பில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். தட்டத் தட்ட ஒரு மில்லிமீட்டர், மீண்டும் இறுக்கு, மீண்டும் தட்டு. அடிப்பது ஒரு நொடி வேலை, கிளாம்ப் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது, துரு அதிர்வில் உதிரும்போது போல்ட்டுக்குப் போக இடம் கிடைக்கிறது. ஒன்பதாவது நாள் முழுசாகக் கைக்கு வந்தது. நடுவில் ஒரு சாண் நீளம் காவி நிறத்தில் செதில் செதிலாக இருந்தது, கிரீஸின் சுவடே இல்லை. அதை இன்னும் பட்டறை மேசை மேல் வைத்திருக்கிறேன். டர்ட் பைக் வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், இந்த ஒரு போல்ட்டை உருவிக் கிரீஸ் தடவிப் போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.

சூடு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது, வரும் புகை பாஸ்ஜீன், உயிருக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துருச் செதில் கண்ணில் விழுந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. கேபிள்களை விடுவிக்க மெனக்கெடவில்லை, புதுசு போட்டேன். ஹேண்டில் பேரிங் தடத்தில் குழி விழுந்திருந்தது, மாற்றினேன். டேங்க் உள்துருவுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், ஒரு ராத்திரி ஊறவிட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டும்போது அலுமினியத்துக்குள் போகிற எல்லா எஃகு போல்ட்டுக்கும், மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவினேன், பசை தடவிய மரை வழுக்கும் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இறுக்கினேன்.

போன மாதம் கேப்பர் மலைக்குப் போய்வந்தேன். அதே முந்திரித் தோப்பு, அதே செம்மண். பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஸ்விங் ஆர்ம் சத்தமே இல்லாமல் போய் வந்தது. அக்கா மகள் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும் என்கிறாள், ஆனால் பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்ட் இன்னும் மடிந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மடங்குகிற ஆணியில் சிவப்புத் துரு. தினமும் காலையில் இரண்டு சொட்டு விட்டு, நாலு தட்டுத் தட்டி, மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் போகிறேன். நேற்றுச் சாயங்காலம் ஒரு நூல் அசைந்தது.